இடைவேளை இல்லாத பதிப்பு

எங்க தெருவுல செத்தவங்க படம் பாக்க வர ஆரம்பிச்சது ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம், அதுலயும் முதல் ஆளா வந்தது எங்கப்பா ஆவுடையப்பன்தான், உயிரோட இருந்தப்பவே எந்தக் கல்யாண வீட்டுலயும் முதல் பந்தியில முதல் இலைக்கு முன்னால உக்காந்த மனுசன், செத்துப்போனா மட்டும் அந்தப் பழக்கம் விட்டுப் போயிருமா என்ன? ஆவரங்குளம் தெப்பக்குளத் தெரு முக்குல இருக்குற பேச்சி வீடியோஸ் என்னோடது, அன்னிக்கி நான் கடையில உக்காந்து சென்னையில இருந்து புதுசா வந்திருந்த 'ராஜகுமாரன் ரத்னவேலு' டிஸ்கை ஓட விட்டுச் சரி பாத்துக்கிட்டிருந்தேன். படத்துல எழுத்து ஓட ஆரம்பிச்சதும் பக்கத்து நாற்காலி கிரீச்சுன்னுச்சு, திரும்பினா பதினாலு வருசத்துக்கு முன்னால நாங்க கொண்டுபோய் எரிச்சிட்டு வந்த அதே மனுசன், அதே நாலு முழ வேட்டி, அதே மூக்குப்பொடி நாத்தம், திரையை விட்டுக் கண்ணை எடுக்காம உக்காந்திருக்காரு. நான் ஒண்ணும் பயப்படலை, இந்த நேரம் பாத்து கரண்டு போயிரக் கூடாதேன்னு மட்டும் நெனச்சேன்.

ஒண்ணேகால் மணி நேரம் அவரு என்னைத் திரும்பிக்கூடப் பாக்கலை. கத்திச் சண்டைக்கு விசிலடிச்சாரு, ராணி அழுதப்ப வேட்டி நுனியால மூக்கைச் சிந்தினாரு, 'இடைவேளை'ன்னு திரையில எழுத்து விழுந்ததும் என் பக்கம் திரும்பி, பதினாலு வருசம் கழிச்சு மகளைப் பாத்த தகப்பன் வாயைத் திறந்து என்ன சொன்னாரு தெரியுமா? "ஏட்டி பேச்சி, இம்புட்டுப் பெரிய கடையை வச்சிருக்க, ஒரு ஃபேன் மாட்ட வக்கில்லையா?" அதுதான் மேலோகத்துல இருந்து எனக்கு வந்த முதல் செய்தி.

அடுத்த வாரமே வடக்கு வீட்டுல ஒரு மாமனார் வந்தாரு, அதுக்கடுத்த வாரம் பூசாரி வீட்டுல, தச்சர் வீட்டுல, மாவு மில்லுக்காரர் வீட்டுலன்னு ஆளாளுக்கு வர ஆரம்பிச்சு, ஒரு மாசத்துக்குள்ள தெருவுக்கே சட்டதிட்டம் எல்லாம் மனப்பாடம் ஆயிருச்சு. உயிரோட இருந்தப்ப எங்க ஊரு பூமாரி டாக்கீஸ்ல டிக்கெட் எடுத்து உக்காந்த படம்னாத்தான் வருவாங்க, செத்த அன்னிக்கி எந்தக் கோலத்துல இருந்தாங்களோ அதே கோலத்துலதான் வருவாங்க, அவங்கவங்க வீட்டு ஆளுங்க கையாலதான் டிஸ்க் சுத்தணும், போன்ல இன்டர்நெட்டுல போட்டு ஓசியில கூப்பிட்டா எட்டிப் பாக்க மாட்டாங்க, நடுவுல நிறுத்தினா எந்திரிச்சுப் போயிருவாங்க, ஒரு பதிப்புக்கு ஒரு தடவைதான், அந்தப் படத்தை வேற பதிப்பாப் போட்டாத்தான் மறுபடி கிளம்பி வருவாங்க. எல்லாத்துக்கும் மேல, திரையைப் பாத்து எவ்வளவு வேணும்னாலும் கத்துவாங்க, உயிரோட இருக்குற நம்மகிட்ட பேசணும்னா மட்டும் 'இடைவேளை'ன்னு எழுத்து விழுந்தாகணும். எழுத்து நிக்கிறது என்னமோ நாலு செகண்டுதான், ஆனா அதுக்குப் பெறகு பத்து நிமிசம் படத்தை ஓட விட்டுட்டு நம்மகிட்டப் பேசிக்கிட்டு இருப்பாங்க, டாக்கீஸ்லயும் முறுக்கு வாங்கப் போனவங்க என்னிக்கி நேரத்துக்கு உள்ள வந்தாங்க?

இது ஏன் நடக்குதுன்னு யாரும் கேக்கலை. எங்க தெருவுல தண்ணி ஏன் நாலு நாளைக்கு ஒருக்க வருதுன்னே யாரும் கேக்குறதில்லை, இதையா கேக்கப் போறாங்க? எங்களுக்கு எதை எப்படி உபயோகப்படுத்திக்கிறதுங்குறதுதான் முக்கியம். கல்யாணம் பேசுறவங்க ரெண்டு வீட்டுப் பெரியவங்களும் சேந்து பாத்த படமா தேடிப் போட்டு, இடைவேளையில சம்மதம் வாங்கினாங்க. எல்லைக்கல் தகராறுல கோர்ட்டுக்குப் போயிருந்த அண்ணன் தம்பி ரெண்டு பேரும் அப்பனை வரவழைச்சுக் கேட்டாங்க, அவரு பத்து நிமிசமும் தன்னோட சைக்கிளை எவன் வித்தான்னு விசாரிச்சிட்டு மறுபடி படத்துப் பக்கம் திரும்பிட்டாரு. செத்தவங்க வீட்டுக்குள்ள வந்தா தீட்டு, பரிகாரம் பண்ணணும்னு பூசாரி சொல்லிக்கிட்டு இருந்தாரு, பக்திப் படம் ஒண்ணு வந்து அவுக அய்யாவே வந்து உக்காந்து காப்பி கேட்ட பெறகு, அதெல்லாம் தீட்டுல சேராதுன்னு சாஸ்திரம் மாறிப்போச்சு. இவங்களையும் வாக்காளர் பட்டியல்ல சேக்கலாமான்னு கவுன்சிலர் ஆசைப்பட்டு பட்டியலை எடுத்துப் பாத்தாரு, எல்லார் பேரும் ஏற்கெனவே அதுல இருந்துச்சு, அதனால அந்த வேலை மிச்சம்.

எல்லா ஊர்லயும் ஜனங்க கையில போனை வச்சுக்கிட்டுப் படம் பாத்துக்கிட்டிருந்த காலத்துல, எங்க தெருவுல மட்டும் ஒவ்வொரு வீட்டுலயும் டிஸ்க் பிளேயர் இருந்துச்சு. ரேசன் கடைச் சுவத்துல மண்ணெண்ணெய் தேதிக்குப் பக்கத்துல, இந்த மாசம் எந்தப் பழைய படம் எந்தப் பதிப்புல வருதுன்னு சாக்பீஸால எழுதி வச்சோம். சென்னைக் கம்பெனி பழைய படத்தைக் கழுவித் துடைச்சுக் கீறல் எல்லாம் எடுத்து வெள்ளிப் பதிப்பு, தங்கப் பதிப்பு, வைரப் பதிப்புன்னு போடப் போட, எங்கப்பா ரத்னவேலுக்கு மட்டும் ஒன்பது தடவை வந்தாரு. ஒன்பது தடவையும் ஃபேனைப் பத்திக் கேட்டாரு, ஃபேன் மாட்டின பெறகு ஏன் இவ்வளவு சத்தம் போடுதுன்னு கேட்டாரு. போங்கப்பான்னு சொல்லணும்னு இருக்கும், ஆனா பத்து நிமிசத்துல அதைச் சொல்ல நமக்கு எங்க நேரம் குடுத்தாரு?

வேண்டாத வீட்டுக்கு இப்படி வாரத்துக்கு ஒருக்க வந்துக்கிட்டே இருந்தாங்க. வேணும்னு தவம் கிடந்த வீட்டுக்கு மட்டும் யாரும் வரலை.

அந்த வீடு செண்பகத்தோடது. எங்க கடைக்கு நேர் எதிர் வீடு, தீப்பெட்டி ஆபீசுல வேலை, வெள்ளிக்கிழமை வேலை விட்டு வந்ததும் கையில ஒட்டின தீக்குச்சி மருந்தைக்கூடக் கழுவாம நேரா என் கடைப் படியில வந்து நிப்பா. "பேச்சிக்கா, வந்திருச்சா?" அம்புட்டுதான் கேள்வி. "வரலை செண்பகம்." அம்புட்டுதான் பதில். ஏழு வருசமா இதே கேள்வி, இதே பதில்.

அவ புருசன் இசக்கிமுத்து செத்து இருபத்திரண்டு வருசம். அன்னிக்கிக் காலையில ரெண்டு பேருக்கும் சண்டை, அவ போட்ட சத்தம் தெப்பக்குளம் வரைக்கும் கேட்டுச்சு, மத்தியானம் ஊர்க் கிணத்துல அவனைப் பிணமாத் தூக்கினாங்க. கிணத்து மேட்டுல நின்ன கோமதிநாயகம், நிலத் தரகரு, எங்க தெருவுல எது நடந்தாலும் அதுக்கு உரை சொல்லுறவரு, துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டு, "பொண்டாட்டி வாய்க்குத் தப்பிக் கிணத்துல குதிச்சிட்டான் பாவம்"னாரு. அவ்வளவுதான், தீர்ப்பு எழுதியாச்சு. அன்னிக்கில இருந்து அவ 'புருசனைக் கிணத்துல தள்ளினவ', கையால தள்ளலைன்னாலும் வாயால தள்ளினவ, அவ பொண்ணைப் பாக்க வந்த மூணு இடமும் தெரு முக்குல விசாரிச்சிட்டு அப்படியே திரும்பிப் போனாங்க, நாலாவதா வந்தவங்க வடக்கே ரொம்பத் தூரம், எங்க தெரு அவங்களுக்குத் தெரியாதுங்குறதால அந்தப் பொண்ணு தப்பிச்சுது.

இதுக்கெல்லாம் அவ வாயைத் திறந்து ஒரு பதில் சொன்னதில்லை. அவ்வளவு பெரிய வாய்க்காரின்னு பேரு எடுத்தவ, இருபத்திரண்டு வருசமா தெருவுல சத்தமா ஒரு வார்த்தை பேசலை. ஒரு நாள் என்கிட்ட மட்டும் சொன்னா.

"எனக்கே தெரியாதுக்கா. நான் பேசின பேச்சுக்குக் குதிச்சிருந்தாலும் குதிச்சிருப்பாக. ஊரு சொல்லுறது பொய்யின்னு சொல்ல என்கிட்ட என்ன இருக்கு? அவுக ஒருக்க வந்தாப் போதும், ஒரே ஒரு கேள்விதான். குதிச்சேன்னு சொன்னாலும் சரி, கேட்டுட்டுக் கண்ணை மூடிருவேன். தெரியாமச் சாகத்தான் பயமா இருக்கு."

இதுல கொடுமை என்னன்னா, இசக்கிமுத்துக்கு சினிமான்னாலே ஆகாது. இருட்டுல மூணு மணி நேரம் உக்கார எனக்கென்ன கிறுக்கான்னு கேக்குற ஆளு. ஆயுசுல ஒரே ஒரு படம்தான் பாத்தான், அதுவும் கல்யாணமான வாரம் புது மாப்பிள்ளையையும் பொண்ணையும் சினிமாவுக்கு அனுப்புற வழக்கத்துக்காக, செண்பகத்தோட அண்ணன் டிக்கெட் எடுத்துக் குடுத்து ரிக்சாவுல ஏத்தி அனுப்பின படம். படத்தோட பேரு 'ஏழாம் நம்பர் பங்களா எஜமானி'. பூமாரி டாக்கீஸ்ல மூணே நாள் ஓடுச்சு, மூணாம் நாள் ஓடினதுகூட மாத்துறதுக்கு வேற படப்பொட்டி வரலைங்குறதால.

அந்தப் படத்தை டிஸ்க்கா போடுங்கன்னு அவ கம்பெனிக்கு மாசம் ஒரு கார்டு எழுதினா. அவ சொல்லச் சொல்ல நான்தான் எழுதினேன். கம்பெனியில இருந்து ஒவ்வொரு தடவையும் மறக்காமப் பதில் வந்துச்சு, 'தங்கள் ரசனைக்கு நன்றி, இத்துடன் ராஜகுமாரன் ரத்னவேலு பிளாட்டினம் பதிப்பின் விளம்பரத்தை இணைத்துள்ளோம்'னு. தெருவுல அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சாங்க. "அந்தப் படத்தையா? அதை எடுத்தவனே முழுசாப் பாத்திருக்க மாட்டானே"ன்னாரு கோமதிநாயகம். அவருதான் இப்ப மறைந்தோர் படக்காட்சி ஒழுங்குக் குழுவுக்குச் செயலாளரு. அப்படி ஒரு குழு எதுக்குன்னு கேக்காதீங்க, எங்க தெருவுல நாலு பேரு சேந்து தும்மினாலே அதுக்கு ஒரு செயலாளரு உண்டு.

எட்டாவது வருசம் கம்பெனிக்கு ஞானம் பிறந்துச்சு. அந்தப் படத்துல பங்களா வாசல்ல குடை பிடிச்சுக்கிட்டு நின்ன ஒரு துணை நடிகரோட பேரன் இப்ப பெரிய கதாநாயகன் ஆயிட்டானாம், அதனால மூணு நாள் ஓடின படம் ஒரே ராத்திரியில காலத்தால் அழியாத காவியமாகி, கீறல் நீக்கி, ஒலி கூட்டி, நிறம் ஏத்தி, தடிமனான அட்டைப் பொட்டியில எங்க கடைக்கு வந்து சேந்துச்சு. பொட்டி மேல கதாநாயகி படம் ஓரத்துல சின்னதா இருந்துச்சு, குடை பிடிச்சவரு படம்தான் பெருசு.

செண்பகம் அந்தப் பொட்டியை ரெண்டு கையாலயும் வாங்கி, மூஞ்சிக்கு நேரா வச்சுப் பாத்தா. பெறகு, "நீங்க ஒருக்க ஓட்டிப் பாத்திருங்கக்கா, எங்கயாவது நின்னுகின்னு போச்சுன்னா என் பொழைப்பே போச்சு"ன்னா. சரிதான்னு நானும் அதே படத்துல இன்னொரு டிஸ்கை எடுத்துக் கடையில ஓட விட்டேன். எழுத்து ஓடுறதுக்குள்ள எங்கப்பா வந்து உக்காந்தாச்சு. பூமாரி டாக்கீஸ்ல ஒரு படம் விடாமப் பாத்த அவரு இதை மட்டும் விட்டிருப்பாரா? படம் ஓடுச்சு. ஒண்ணேகால் மணி நேரம் ஆச்சு, ஒன்றரை ஆச்சு, எஜமானி மாடிப்படி ஏறுறா, கதவைத் திறக்குறா, வீல்னு கத்துறா, அடுத்த நொடி விடிஞ்சு கோழி கூவுது. நடுவுல எழுத்தைக் காணோம். எங்கப்பா கடைசி வரைக்கும் என் பக்கம் திரும்பலை, 'சுபம்' விழுந்ததும் நாற்காலி கிரீச்சுன்னுச்சு, ஆளைக் காணோம். இத்தனை வருசத்துல முதல் தடவையா அவரு ஃபேனைப் பத்தி ஒண்ணும் சொல்லாமப் போனாரு, அது என்னமோ எனக்குச் சங்கடமா இருந்துச்சு.

கம்பெனிக்குப் போன் போட்டேன். அங்க இருந்த பொண்ணு தேன் ஒழுகுற குரல்ல சொன்னா, "அந்த எழுத்து விழுற இடத்துல கீறல் ஜாஸ்தியா இருந்திச்சு மேடம், கதைக்குத் தேவையில்லாத பகுதிதானேன்னு எடுத்துட்டோம்."

"எதும்மா தேவையில்லாத பகுதி? வேணும்னா படத்தை எடுத்துட்டு இடைவேளையை மட்டும் போட்டு அனுப்பும்மா"ன்னேன். வேற ஏதாவது உதவி வேணுமான்னு கேட்டா. போனை வச்சிட்டேன்.

சேதி தெரிஞ்சதும் தெருவே கூடிருச்சு. செண்பகத்து மேல இரக்கம்னு நெனச்சிராதீங்க, இசக்கிமுத்து வாயாலயே அவ குத்தத்தைக் கேக்கணும்னு எட்டு வருசமாக் காத்துக்கிட்டு இருந்தவங்க, இப்ப காட்சி ரத்தாயிருமோங்குற கவலை. பூமாரி டாக்கீஸ்ல ஆபரேட்டரா இருந்த சவரிமுத்து ஒரு யோசனை சொன்னாரு, 'இடைவேளை'ன்னு அட்டையில பெருசா எழுதி டிவிக்கு முன்னால பிடிச்சாப் போதும், செத்தவங்களுக்கு என்ன தெரியவா போகுதுன்னு. சரி, சோதிச்சுப் பாப்போம்னு கோமதிநாயகம் வீட்டுல, எழுத்து இல்லாத வேற ஒரு படத்தைப் போட்டு, அவரோட செத்துப்போன சித்தப்பாவை வரவழைச்சாங்க. சவரிமுத்து நல்ல சிவப்பு மையில எழுதின அட்டையைப் பிடிச்சாரு. சித்தப்பா டிவியைப் பாத்தபடியே, "எவம்லே அவன் மறைக்கிறது, உக்காருலே!"ன்னு கத்தினாரே தவிர யார் பக்கமும் திரும்பலை. வாசல்ல ஒரு ஆளை நிறுத்தி "முறுக்கேய், கடலேய்"னு கூவ விட்டுப் பாத்தாங்க. சித்தப்பா கண்ணைத் திரையில வச்சுக்கிட்டே கையை மட்டும் பின்னால நீட்டினாரு, முறுக்கை வாங்கிக்கிட்டாரு, அவ்வளவுதான்.

அன்னிக்கிச் சாயந்திரம் செண்பகம் கடைக்கு வந்தா. நான் சொன்னேன், "பொறுட்டி. இன்னொரு பதிப்பு போடுவான், அதுல எழுத்து இருந்தாலும் இருக்கும். இப்ப நீ ஓட்டிட்டா இந்தப் பதிப்புக்கு அவன் வந்தது வந்ததுதான்."

"போடுவானாக்கா?"

எனக்குப் பொய் சொல்ல வரலை. அந்த டிஸ்க் தமிழ்நாடு பூரா எத்தனை பேரு வாங்கியிருப்பாங்கன்னு எனக்குத் தெரியும், குடை பிடிச்சவரோட பேரனே வாங்கியிருக்க மாட்டான்.

"அப்ப ஞாயித்துக்கிழமையே போடுதேன். பேசாட்டிப் போகட்டும்க்கா. ரெண்டரை மணி நேரம் பக்கத்துல உக்காந்திருப்பாகல்ல, மூஞ்சியைப் பாத்தாத் தெரியாதா எனக்கு, கோவமாப் போனாகளா சும்மா போனாகளான்னு"ன்னா.

ஞாயித்துக்கிழமை மத்தியானம் சாப்பாட்டை முடிச்சிட்டுத் தெருவே அவ வீட்டுக்குள்ள வந்து உக்காந்துருச்சு. இருபத்திரண்டு வருசமா அந்த வாசப்படி மிதிக்காதவங்க எல்லாம் பாயைச் சுருட்டி எடுத்துக்கிட்டு வந்துட்டாங்க. கோமதிநாயகம் அவரு வீட்டுல இருந்தே நாற்காலி கொண்டுவந்து முன்வரிசையில போட்டுக்கிட்டு, குழு சார்பா வந்திருக்கேன்னாரு. செண்பகம் யாரையும் வாங்கன்னும் சொல்லலை, போங்கன்னும் சொல்லலை. தலைக்குக் குளிச்சு, இருக்குறதுல நல்ல சேலையைக் கட்டி, பக்கத்துல ஒரு பலகையைப் போட்டு வச்சிட்டு, டிஸ்கை உள்ள தள்ளினா.

எழுத்து ஓட ஆரம்பிச்சுது, இசக்கிமுத்து வந்துட்டான். இடுப்புல ஈரத் துண்டு, தலையில இருந்து தண்ணி சொட்டுது, கையில எதையோ பிடிச்சிருக்கான், பலகையில உக்காந்ததுமே தரையெல்லாம் ஈரம். நாங்க எல்லாரும், இனி ரெண்டரை மணி நேரம் இவன் முதுகைத்தான் பாக்கணும்னு கால் மாத்தி உக்காந்தோம். அவன் டிவியைப் பாக்கலை. கதாநாயகி பேரு ஓடுது, குடை பிடிச்சவரு பேரு புதுசாப் பெருசா ஓடுது, அவன் திரும்பி செண்பகத்தையே பாத்துக்கிட்டு இருக்கான்.

"இடைவேளைக்கு முன்னால திரும்பக் கூடாதே, விதியிலயே இல்லையே"ன்னாரு கோமதிநாயகம்.

செண்பகத்துக்கு அழுகையும் சிரிப்பும் ஒண்ணா வந்துருச்சு. "அன்னிக்கும் இப்படித்தான்க்கா"ன்னு என்னைப் பாத்துச் சொன்னா. "படத்தைப் பாருங்க, பக்கத்துல எல்லாரும் சிரிக்கிறாகன்னு நான் எவ்வளவோ சொன்னேன். படம் முடியிற வரைக்கும் என்னையத்தான் பாத்துக்கிட்டு இருந்தாக. வெளிய வந்து யாரு நடிச்ச படம்னு எங்கண்ணன் கேட்டதுக்கு முழிச்சாக."

"என்னட்டி, இப்படி எளைச்சுப் போயிட்ட?"ன்னு கேட்டான் இசக்கிமுத்து.

செண்பகம் சேலை நுனியை வாயில வச்சு அமுக்கிக்கிட்டா. தெருவே கழுத்தை நீட்டிக்கிட்டுக் கிடந்துச்சு. கடைசியில கேட்டுட்டா, சத்தமா, எல்லாருக்கும் கேக்குற மாதிரியே கேட்டா.

"ஒண்ணு கேக்கேன், மறைக்காமச் சொல்லுங்க. நீங்களாத்தான் குதிச்சீகளா?"

"எங்கட்டி குதிச்சேன்?"

"கிணத்துல."

அவன் அவளைப் பாத்தான், எங்களை ஒருக்க சுத்திப் பாத்தான். "யாரு சொன்னா? குளிக்கப் போனேன்ட்டி. கீழ்ப்படியெல்லாம் பாசி, வழுக்கிருச்சு, தலை கல்லுல அடிச்சிருச்சு." அப்புறம் கையில பிடிச்சிருந்ததைத் தூக்கிக் காட்டினான். நீலக் கலர் சோப்பு டப்பா. "குதிக்கப் போறவன் எவனாவது சோப்பு டப்பாவைக் கையில பிடிச்சிக்கிட்டா குதிப்பான்? நீதான் அழுதுக்கிட்டு இருந்திருப்ப, இத்தனை பேரு இருக்காகளே, ஒருத்தருக்குமா புத்தி வேலை செய்யலை?"

வேலை செய்யலை. அந்த டப்பாவை நாங்க எல்லாரும் பாத்தோம். அன்னிக்கிக் கிணத்துல இருந்து தூக்கினப்ப அவன் விரலை ஒவ்வொண்ணா விரிச்சு அந்த டப்பாவை எடுத்தது சவரிமுத்து, அதை வாங்கிக் கிணத்துச் சுவத்து மேல வச்சது நான். என் கையால வச்சேன். வச்சிட்டு வீட்டுக்கு வந்து, பொண்டாட்டி வாய்க்குக் குதிச்சானாம்னு நானும்தான் நாலு பேருகிட்டச் சொன்னேன். வழுக்கி விழுந்தான்னா ஒரு வாரம் பேசலாம், பொண்டாட்டி வாயால குதிச்சான்னா இருபத்திரண்டு வருசம் பேசலாம், எது லாபம்னு எங்களுக்குத் தெரியாதா? அந்த எட்டு வருசமும் அவளுக்காகக் கார்டு எழுதின கையும் இதே கைதான், அதை நெனச்சப்ப எனக்கு எங்க வச்சுக்கன்னு தெரியலை.

செண்பகம் அவன் ஈரத் தோள்ல ஓங்கி ஒரு அடி வச்சா. "இதைச் சொல்ல இருபத்திரண்டு வருசமாய்யா?"

"நான் என்ன செய்ய? நல்லா ஓடின படத்துக்குக் கூட்டிட்டுப் போயிருந்தா எப்பவோ வந்திருப்பேன். உங்கண்ணன் எடுத்துக் குடுத்த டிக்கெட்டு அப்படி."

"அன்னிக்கிக் காலையில நான் பேசின பேச்சு..."

"என்ன பேசின?"

"நீங்கள்லாம் ஒரு ஆம்பளையான்னு கேட்டேனே."

அவன் நிசமாவே யோசிச்சான். தலையைச் சொறிஞ்சான், தண்ணி தெறிச்சுது. "அதைத்தான் நீ தெனமும் கேப்பியேட்டி. அதுல எந்த நாளுன்னு நான் கண்டேன்?"

செண்பகம் வாய் விட்டு அழுதா. அப்படி ஒரு அழுகையை நான் அதுக்கு முன்னாலயும் கேட்டதில்லை, பெறகும் கேட்டதில்லை, இருபத்திரண்டு வருசமும் சேந்து வெளிய வந்துச்சு. இசக்கிமுத்து டப்பாவைக் கீழ வச்சிட்டு அவ கையைப் பிடிச்சுக்கிட்டான். எங்களுக்கு எங்க பாக்குறதுன்னு தெரியலை, எல்லாரும் டிவியைப் பாத்தோம், அதுல எஜமானி எதுக்கோ மாடிப்படி ஏறிக்கிட்டு இருந்தா.

அப்பவும் கோமதிநாயகத்துக்கு வாய் நிக்கலை. "சரி சரி, படம் ஓடுதுல்லா, நடுவுல சத்தம் போடாதீக, பாக்குறவங்க பாக்கணும்"ன்னாரு.

செண்பகம் கண்ணைத் துடைச்சா. திரும்பினா. "அண்ணாச்சி, இருபத்திரண்டு வருசம் நீங்க பேசினீக, நான் கேட்டுக்கிட்டு இருந்தேன். இனி நாங்க பேசணும். நாற்காலியைத் தூக்கிக்கிட்டு வெளிய போங்க"ன்னா. குரலை உயர்த்தலை, உயர்த்த வேண்டிய தேவையும் இல்லை.

கோமதிநாயகம் எந்திரிச்சாரு. நாற்காலி வாசல் நிலையில இடிச்சு, திருப்பி, மறுபடி இடிச்சு, ஒருவழியா வெளிய போச்சு. பின்னாலயே ஒவ்வொருத்தரா பாயைச் சுருட்டிக்கிட்டு, செருப்பைத் தேடிக்கிட்டு, ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாக்காமக் கிளம்பினாங்க. கடைசி ஆளு நான். "மன்னிச்சிரு செண்பகம்"னேன், அவ காதுல விழுந்துச்சோ என்னமோ, அவ அவன் தலையைத் துவட்டத் துண்டு தேடிக்கிட்டு இருந்தா. கதவைச் சாத்திட்டு வந்து கடையில உக்காந்தேன். அந்த வீட்டுல இருந்து ரெண்டு மணி நேரம் அவ குரல் கேட்டுச்சு, திட்டுறா, சிரிக்கிறா, மறுபடி திட்டுறா, பொண்ணு கல்யாணத்தைப் பத்திச் சொல்லுறா, நெல்லையிலயே யாருக்கும் இல்லாத வாயி, தெப்பக்குளம் வரைக்கும் கேட்டிருக்கும். சாயந்திரம் நாலே முக்காலுக்கு 'சுபம்' இசை கேட்டுச்சு, அப்புறம் சத்தம் இல்லை.

மறுநாள் காலையில வேலைக்குப் போற வழியில டிஸ்கைக் கடையில குடுத்து வச்சிட்டுப் போக வந்தா. கண்ணு வீங்கியிருந்துச்சு, மூஞ்சி தெளிவா இருந்துச்சு. எனக்கு அவ கண்ணைப் பாக்கக் கூச்சம், வேற என்ன பேசுறதுன்னு தெரியாம, அவ்வளவு காத்துக் கிடந்த படமாச்சே, எப்படி இருந்துச்சுட்டின்னு கேட்டு வச்சேன்.

"நான் எங்கக்கா படத்தைப் பாத்தேன்"ன்னு சொல்லிட்டு, தூக்குவாளியைக் கை மாத்திக்கிட்டு, தீப்பெட்டி ஆபீசுக்கு நடந்து போனா.